வளவுக்கு வராத பூனை

பூனை மேல் எனக்குப் பிரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முத்தப்பன் மேல் இருந்த கோபத்தில்தான் அதை வீட்டுக்குள் தூக்கி வந்தேன்.

முத்தப்பன் என் கொழுந்தன். செத்துப்போன என் கணவர் சோமுவுக்குத் தம்பி. காரைக்குடியில் எங்களுக்கு இருப்பது ஒரே வீடு, அதில் இரண்டு பங்கு. நடுவில் வானம் தெரியும் வளவு, சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். கிழக்கு வரிசை எனக்கு. மேற்கு வரிசை முத்தப்பனுக்கும் அவன் மனைவி நீலாயதாட்சிக்கும். மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு என்றால் "தண்ணி வந்துருச்சு", "கரண்டுக்காரர் வந்துருக்காரு" என்பதோடு சரி.

அந்த வரிப்பூனை கிணற்றடியில் திரிந்துகொண்டிருந்தது. பைக் ஏறி அதன் பின்னங்கால் ஒன்று கோணிப்போயிருந்தது. ஒருநாள் நீலாயதாட்சி காயப்போட்ட வத்தல் மேல் போய் மூத்திரம் பெய்துவிட்டது. மறுநாள் காலை கிணற்றடியில் ஒரு தட்டு நிறைய மீன்சோறு இருந்தது. யாருக்கும் ஒரு பிடி சோறு வைத்துப் பழகாத முத்தப்பன்தான் வைத்திருந்தான். பக்கத்து வீட்டுக் கோழி அதைக் கொத்தியது, மதியத்துக்குள் செத்துக் கிடந்தது.

"எலிக்கு வச்சேன் அண்ணமிண்டி" என்றான். அண்ணன் பெண்டாட்டியை அண்ணமிண்டி என்றுதான் எங்களில் கூப்பிடுவார்கள். அவன் வாயிலிருந்து அந்த முறையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேரே போய்ப் பூனையைத் தூக்கினேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நாலு கோடு இழுத்தது. விடவில்லை. கால்நடை டாக்டர் துர்காதேவிக்குப் போன் போட்டேன்.

"வெளிய திரிஞ்ச பூனைம்மா. மூணு வாரமாச்சும் உள்ளயே வச்சுப் பழக்குங்க. கதவத் தொறந்து விட்டுறாதீக" என்றார்.

சரியென்று முன்வாசலையும் பின்வாசலையும் பூட்டிவிட்டுப் பூனையை வளவில் விட்டேன். எங்களுக்கு வளவுதான் வீடு. கல்யாணம் நடப்பது அங்கே, பிள்ளை தவழ்வது அங்கே, கடைசியாகத் தூக்கிப் போவதும் அங்கிருந்துதான். அதற்கு மேலே கூரை இல்லை என்பது ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. பூனைக்கு ஒரு நிமிஷத்தில் தோன்றிவிட்டது. கோணல் காலோடு தூணில் ஏறி ஓட்டுக்குப் போனது. இரண்டு நாள் கீழே இறங்காமல் உச்சியிலிருந்து என்னை முறைத்தது. மூன்றாம் நாள் காலை இறங்கியது, முத்தப்பன் கையிலிருந்த காப்பி மேல்.

போர்வையைப் போட்டு அதை அமுக்கினேன். முத்தப்பன் வேட்டியை உதறிக்கொண்டே வந்தான்.

"இது தெருப்பூனை. வீடு தங்காது. சாக்குல கட்டி சிங்கம்புணரி சந்தைப்பக்கம் விட்டுட்டு வாரேன்."

"நொண்டிக் கால வச்சுக்கிட்டு அங்க பொழைக்குமா? நாயிக கடிச்சே கொன்னுரும்."

"அப்பப் படைப்பு வரைக்கும் பாப்போம். அன்னைக்கு அது உங்க அறையிலயே இருந்துச்சுனா உங்க பூனை, நான் திரும்பிக்கூடப் பாக்கல. வளவுக்கு வந்துச்சுனா சாக்குதான். கையில புடிச்சு வச்சுக்கிறதெல்லாம் கூடாது."

படைப்பு என்பது பங்காளிகள் எல்லாரும் கூடி முன்னோருக்குப் படைக்கும் நாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு கதவும் சாத்தியிருக்கக் கூடாது. போனவர்கள் வந்து எல்லா அறையையும் பார்ப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அதற்கு ஒரு மாதம் இருந்தது. ரோஷத்தில் "சரி" என்று சொல்லிவிட்டேன்.

நடந்ததைக் கேட்டு டாக்டர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார், போனில் பெருமூச்சு மட்டும் கேட்டது. "வளவு எப்படிம்மா உள்ளயாகும்? ஒரே ரூம், கதவு சாத்தியிருக்கணும். ஒளிய ஒரு அட்டப்பெட்டி, மண்ணு போட்ட தட்டு ஒண்ணு. தெனம் ஒரு மணி நேரம் கூட உக்காந்து ஏதாச்சும் பேசுங்க. அதப் பாக்காதீக, தொடாதீக."

மகாராணியை அறையில் குடிவைத்தேன். இரும்புக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு வாய் தின்னவில்லை. மண் தட்டை விட்டுவிட்டு என் தலையணையில் பெய்தது. எட்டிப் பார்த்தால் சீறியது. "போ, செத்துத் தொலை" என்று நானும் பதிலுக்குச் சொன்னேன். பேசு என்றால் பூனையிடம் என்ன பேசுவது? அதனால் தினம் நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு முத்தப்பனைத் திட்ட ஆரம்பித்தேன்.

திட்டுவதற்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது. வாசல் சாவி மாதம் ஒருவர் முறை. மூன்று வருஷத்துக்கு முன்னால், அது முத்தப்பன் முறை வந்த மாதம். விடிந்தும் விடியாமல் சோமு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. பின் சந்தில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. நான் போய் முத்தப்பனின் குளியலறைக் கதவைத் தட்டினேன். "இந்தா வாரேன்" என்றான். குளித்து முடித்து, திருநீறு பூசி, சாவியோடு அவன் வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. இருபது நிமிஷம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை நான் அவன் முகத்துக்கு நேரே ஒருநாளும் கேட்டதில்லை. பங்காளி வீட்டில் ஒரு வார்த்தை கூடிப்போனால் வளவுக்கு நடுவில் ஒரு சுவர் எழும்பிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பூனையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் அது தலையை வெளியே நீட்டியது. அடுத்த வாரம் என் எதிரிலேயே தின்றது. மூன்றாம் வாரம், நான் ஆத்திரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நொண்டிக்கொண்டு வந்து என் சேலை முந்தானையில் படுத்தது. அன்றைக்குத்தான் நான் மாட்டிக்கொண்டேன். இதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் தாங்கமாட்டேன் என்று தெரிந்தது. பயமாக இருந்தது.

படைப்பு அன்று விடியும்போதே கதவைத் திறந்து வைத்தேன். பங்காளிகள் வந்து நிறைந்தார்கள். பூனை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. மதியம் இலை போடும் நேரம் வரை அசையவில்லை. நானும் அறையை விட்டு நகராமல் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது முத்தப்பன் ஒரு தட்டோடு வந்து என் வாசற்படிக்கு நேரே, வளவில் வைத்தான். சுட்ட கருவாடு. எங்கள் வீட்டுப் படைப்பில் மீன் வாடையே ஆகாது. இவன் கருவாடே கொண்டுவந்திருந்தான்.

பூனை எழுந்தது. மூக்கைத் தூக்கியபடி நொண்டி நொண்டிப் படி வரைக்கும் போனது. ஒரு காலைத் தூக்கிப் படிக்கு மேலே வைத்தது. தொடக் கூடாது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாய்க்குத் தெரிந்திருந்தது.

"முத்தப்பா" என்றேன். "அன்னைக்கு அந்தச் சாவிய எடுத்தார ஒனக்கு இருவது நிமிசம் ஆச்சுல்ல. ஒன் அண்ணன் உசுருக்குப் போராடுறாக, நீ திருநீறு பூசிக்கிட்டு வந்தியே."

இலையில் உட்கார்ந்தவர்கள் அப்படியே கையை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. ஒரு மாதம் சொன்ன அத்தனையையும் அதே குரலில் சொன்னேன். பூனையின் காது என் பக்கம் திரும்பியது. காலை இழுத்துக்கொண்டது. திரும்பி வந்து என் முந்தானையில் உட்கார்ந்தது.

ஜெயித்துவிட்டேன். முத்தப்பன் முகத்தைப் பார்த்தேன். அதிர்ந்துபோயிருப்பான் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நீலாயதாட்சி வந்து கருவாட்டுத் தட்டை எடுத்தாள்.

"அவுகளுக்கு இது புதுசில்ல ஆச்சி" என்றாள் மெதுவாக. "ஒரு மாசமா தெனம் நாலு மணிக்கு உங்க கதவுக்கு வெளிய தூண்ல சாஞ்சு உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக."

"கேட்டுட்டுமா கருவாட வச்சாரு?"

"கேட்டதுனாலதான். கேட்டுத் தாங்க முடியல அவுகளுக்கு. பூனை போயிருச்சுனா நீங்க யாருகிட்டச் சொல்லுவீக."

முத்தப்பன் வாயைத் திறந்தான். "அன்னைக்கு அண்ணனுக்கு இம்புட்டு ஆபத்துன்னு எனக்குத் தெரியல அண்ணமிண்டி" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வரவழைக்கவும் நான் முயலவில்லை.

மறுநாள் நாலு மணிக்குப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை. முத்தப்பன் வந்து தூணடியில், நான் பார்க்கும்படியாகவே உட்கார்ந்தான். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.