பாசித் தொட்டி

சிவராமகிருஷ்ணன் மீன் தின்றதில்லை. ஆனால் வேலை கிடைத்தது மீன்துறையில். அதுவும் சொந்த ஊரான கல்பாத்தியை விட்டு, தூரத்துப் பீர்மேட்டு மலையில். மனைவி பட்டு ஊரிலேயே இருந்தாள். படுத்த படுக்கையாகிவிட்ட தன் மாமனாரை யாரிடம் விட்டு வருவாள்? கல்யாணமாகி மூன்று வருஷம். சேர்ந்திருந்ததெல்லாம் லீவு நாட்களில்தான். சாயங்காலம் மூடுபனி இறங்கினால் அவள் நினைப்பு அவரைப் பாடாய்ப் படுத்தும்.

"இந்தத் தடவை கெண்டைக் குஞ்சைப் பிழைக்க வச்சுடும். மலம்புழைக்கு மாத்தித் தரேன்" என்று மேலதிகாரி துரைசுவாமி சொல்லியிருந்தார். மலம்புழையிலிருந்து வீட்டுக்கு சைக்கிளிலேயே போய்விடலாம்.

குஞ்சுகளோ இரையெடுக்க ஆரம்பித்ததுமே வயிறு ஊதிச் செத்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குடல் முழுக்கக் கிருமி. மடி ஆசாரத்தில் வளர்ந்த மனுஷர் விடுவாரா? தொட்டிகளில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தள்ளினார். தேய்க்கத் தேய்க்கச் சாவு கூடியது.

ஒருநாள் பட்டு வருவதாக இருந்தது. புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளைப் பாசி படிந்த ஒரு பழைய தொட்டியில் கழுவாமல் கொட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். அவள் வரவில்லை. மாமனாருக்கு ஜுரமாம். மனசு விட்டுப்போய், அந்தத் தொட்டிப் பக்கமே அவர் போகவில்லை. இரை போட்டதெல்லாம் வேலைக்காரி சுருளியம்மாள்தான்.

வாரம் கழித்துப் பார்த்தால் குஞ்சுகள் அத்தனையும் துள்ளிக்கொண்டிருந்தன! யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. பாசியிலிருந்த சாதுக் கிருமிகள் முதல் இரையோடு குடலுக்குள் போய், பஸ்ஸில் முந்தி ஏறியவர்களைப் போல இடம்பிடித்துவிட்டன. நோய்க் கிருமிக்கு உட்கார இடமில்லை. கழுவித் துடைத்த தொட்டியிலோ அதுதான் முதலில் ஏறியது.

அடுத்து பொரித்த குஞ்சுகளுக்கெல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீரையும் பாசியையும் கலந்து விட்டார். எல்லாம் பிழைத்தன. துரைசுவாமி வந்து பார்த்து முதுகில் தட்டினார்.

"பேஷ்! இந்த வித்தை தெரிஞ்சவர் நீர் ஒருத்தர்தான். உம்மை எப்படி ஐயா விடறது? புதுசா நாலு தொட்டி கட்டித் தரேன், இங்கேயே இரும்."

சிவராமகிருஷ்ணன் தபாலாபீசுக்குப் போய், கல்பாத்தியில் பக்கத்து வீட்டு நம்பருக்கு டிரங்கால் போட்டார். பட்டு ஓடிவந்து எடுத்தாள்.

"குஞ்செல்லாம் பிழைச்சுதா?"

"அத்தனையும்."

"அப்போ வந்துடறேளா?"

துரைசுவாமி சொன்னதைச் சொன்னார். கோலத்தில் எறும்பு ஏறினால் அது விலகும்வரை கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பவள் பட்டு.

"ஏன்னா, அதெல்லாம் செத்தே போயிருக்கப்படாதோ?" என்றாள்.