மூன்றாம் முறை துருப்பிடித்த கதவு

அழகர்சாமியின் ஆஸ்டின் கார் மூன்றாம் முறையாகப் பாலக்கரைப் பட்டறை வாசலில் வந்து நின்றது. அதே இடது பின்கதவு, அதே அடிப்பாகம். பெயிண்ட் கொப்புளித்து, தொட்டால் அப்பளமாக உதிர்ந்தது.

"போன வருஷந்தானே புதுத் தகரம் வெச்சே, வீரமலை? மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஒட்டினியா?"

எதிர்க் காபிக் கடையிலும் இதையே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அங்கே உட்காருகிறவர்களில் பாதிப் பேர் லாரிக்காரர்கள், டாக்சிக்காரர்கள். இந்தப் பேச்சு ஒரு வாரம் ஓடினால் போதும், வீரமலையின் டிங்கர் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

வீரமலை தலையைச் சொறிந்தார். பெரிய மனிதர்கள் முன்னால் அவருக்கு நாக்கு எழாது. மகள் செல்லக்கிளிக்கு அந்தக் கோளாறு கிடையாது. அறுபத்திரண்டில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவள், அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

"கத்தாதீங்க. கதவைப் பிரிச்சுப் பாத்துட்டுப் பேசுவோம்."

"பொம்பளப் புள்ள பேசுது, நீ வேடிக்கை பாக்கறியா வீரமலை?"

"நான்தானே பேசறேன்? எங்கிட்டயே சொல்லுங்க."

வீரமலை கதவைக் கழற்றிப் பெஞ்சில் போட்டு, உள்அட்டையைப் பிரித்தார். அவர் வைத்த வெல்டிங் அசையவில்லை. சுற்றியிருந்த தகரம்தான் சல்லடையாகியிருந்தது. துருவுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. செல்லக்கிளி அதை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"அடி சண்டாளி, துப்புடி!" என்று அலறினார் வீரமலை.

துப்பினாள். "உப்பு."

அழகர்சாமி சிரித்தார். "எங்க ஊரு மருங்காபுரியில மழையே கிடையாது, கடலுக்கு எங்க போக? நான் என்ன கருவாடா ஏத்தறேன்?"

நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா போடறேன். வண்டி இங்கேருந்து பளபளன்னு வருதா, ஊர்க்கண்ணு பூரா அதுமேலதான். நேரா சமயபுரம் போயி, உப்பு வாங்கி வண்டியச் சுத்தி, நான் உக்கார்ற பக்கத்துக் கண்ணாடி இடுக்குல கொட்டிடுவேன். வண்டியக் கழுவறப்போ கரையும். அது கரைஞ்சா திருஷ்டியும் கரைஞ்சிடுமில்ல?"

"எவ்வளவு கொட்டுவீங்க?"

"மொத தடவை ஒரு கைப்பிடி. போன தடவை உங்கப்பா ரொம்ப அழகாச் செஞ்சிட்டாரா... அரைப் படி."

அப்பா நன்றாகச் செய்யச் செய்ய, கதவு சீக்கிரமாகச் செத்திருக்கிறது. வீரமலைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி சரி, தகரத்தை மாத்து" என்றார் அழகர்சாமி, யார் முகத்தையும் பார்க்காமல்.

"காபிக் கடையில சொன்னதை யாரு மாத்தறது?" என்றாள் செல்லக்கிளி.

"விடு கிளி, பெரியவங்க" என்றார் வீரமலை.

"பெரியவங்கங்கறதாலதான் அந்தப் பேச்சு ஒட்டிக்கிச்சு. போய் மாத்திச் சொல்லிட்டு வரட்டும். அதுவரைக்கும் கதவு பெஞ்சிலயே கெடக்கும்."

அழகர்சாமி கதவைப் பார்த்தார். கதவில்லாத காரைப் பார்த்தார். கால் நகரவில்லை. ரெங்கம்மாள்தான் எழுந்தார்.

"இவருக்கு வாய் வராதும்மா. நான் சொல்றேன்."

விறுவிறுவென்று தெருவைக் கடந்து, ஆம்பிளைகள் மட்டுமே உட்காரும் அந்தக் கடைக்குள் நுழைந்தார்.

"கேட்டுக்குங்கப்பா! உப்பைக் கொட்டிக் கதவைக் கெடுத்தது நான். வீரமலை வேலையில ஒரு குத்தமும் இல்ல!"

பின்னாலேயே ஓடிய அழகர்சாமி, "ஆமாமா, அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

செல்லக்கிளிக்கு அது போதவில்லை. இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தாள். ஆனால் அப்பா அதற்குள் உளியை எடுத்துத் துருவை வெட்ட ஆரம்பித்திருந்தார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே.