யார் வீட்டில் நீலம் பூத்தது

நான் பெற்ற பிள்ளைகளில் எது அழகு என்று ஊர் கூடி ஓட்டுப் போட்டது. ஜெயித்தது நான் பெறாத பிள்ளை. அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

பிள்ளைகள் என்றது பூச்செடிகளை. கரமனையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டேலில்லி வளர்க்கிறேன். நர்சரியில் வாங்கி வந்து தண்ணீர் விடுகிற வளர்ப்பு இல்லை இது. காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டி, காய் முற்றியதும் விதை எடுத்து முளைக்கப் போட்டு, அது பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். பூத்ததில் பெரும்பாலானவை குப்பைக்குப் போகும். மனசுக்குப் பிடித்த ஒன்றுக்குத்தான் பெயர் வைப்பேன். டிரஷரியில் வேலை பார்த்த காலத்திலிருந்தே எனக்கு இந்தப் பைத்தியம். இந்தப் பூ ஒரே ஒரு நாள்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்களுக்குச் சரிப்படாது என்பார்கள். எனக்கும் பொறுமை கிடையாது, அது வேறு விஷயம்.

வெளிநாட்டில் இந்தச் செடிகளுக்கு ராஜகுமாரி, தேவதை என்றெல்லாம் பெயர் வைக்கிறார்கள். நான் சமையலறையைத் தாண்டவில்லை. பூசணி நிறத்தில் நடுவே வறுத்த தேங்காய் போல ஒரு வளையம் உள்ளது ‘எரிசேரி’. வெளிர் ரோஸ் நிறம் ‘பால்பாயசம்’. கறுப்போடிய சிவப்பு ‘புளிக்காய்ச்சல்’. வயலட் நிறத்தில் தொண்டை மட்டும் பச்சையாக ஒன்று உண்டு, அது ‘நாவப்பழம்’. பார்த்தால் என்ன நிறமோ அதுதான் பெயர். பெயரைக் கேட்டு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்ற பேச்சு எனக்கு வந்ததில்லை. திருவனந்தபுரத்தில் டேலில்லி என்றால் விஜயலக்ஷ்மி மாமி என்று நாலு பேர் சொல்வதற்குக் காரணமே அதுதான்.

தோட்டக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. செக்ரட்டரி பிஜு, சாலை பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறவர். மாமியின் செடிகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று அவர்தான் ஓட்டெடுப்பு வைத்தார். ஜெயிக்கிற செடிக்கு விழா வைத்து அவார்டு என்றார். எரிசேரி ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொட்டுகிற மழையிலும் பூக்கிற செடி அது ஒன்றுதான். முடிவு வந்தது. முதல் இடம், ‘அனந்தநீலம்’.

அப்படி ஒரு செடியே என்னிடம் இல்லை. படத்தைத் திறந்தேன். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி ஒரு பூ. நிறத்தை விட்டுவிட்டு இதழோரச் சுருக்கத்தையும் தொண்டைப் பச்சையையும் பார்த்தேன். என் நாவப்பழம்! பெற்றவளுக்குத் தெரியாதா?

என் மகன் கேசவ் கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். அங்கேயே ஃப்ளாட், வாரக்கடைசியில் வீட்டுக்கு வருவான். என் செடிகளை இன்ஸ்டாகிராமில் போட்டு விற்பது அவன் பொறுப்பு. அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்தச் சனிக்கிழமை அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

“கேசவா, இது என்னடா?”

“நாவப்பழம்தாம்மா. போன வருஷமே பேரை மாத்திட்டேன். நாவப்பழம்னா எவன் வாங்குவான்?”

“பேர் கெடக்கட்டும். நிறம்?”

“கொஞ்சம் கலர் கரெக்‌ஷன். எல்லாரும் பண்றதாக்கும்.”

“கொஞ்சமா? டேலில்லியில நீலமே கிடையாதுடா. உலகத்துல ஒருத்தருக்கும் வந்ததில்லை. இதுக்குப் பேர் கரெக்‌ஷன் இல்லை, கள்ளத்தனம்!”

“எதுக்கு இப்படிக் கத்தறே? ஒரு வருஷமா விக்கறேன். ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததா? வாங்கினவாளே நீலப் பூவோட போட்டோ அனுப்பறா. நீயே பாரு.”

போனை நீட்டினான். பார்த்தேன். யார் யார் வீட்டு மதிலோரமோ, யார் யார் வீட்டு மாடியோ, எல்லாவற்றிலும் என் நாவப்பழம் அப்பட்டமான நீலமாகப் பூத்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே மறைத்தவன் ஒருவன், ஊரே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் படங்களில் முதலாவது, எல்லாரும் கைதட்டிப் பாராட்டியிருந்த படம், ஓமனா டீச்சர் அனுப்பியது.

ஓமனா டீச்சர் பொய் சொல்கிற ஜாதி இல்லை. கேசவுக்கு அஞ்சாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். பரீட்சைத்தாளில் தவறுதலாக அவனுக்கு ஒரு மார்க் கூடப் போட்டுவிட்டேன் என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுக் குறைத்தவர். அதைவிட, அவர் கைராசி ஊருக்கெல்லாம் தெரியும். மேட மாசம் பத்தாம் நாள், விதைப்புக்கு நல்ல நாளான பத்தாமுதயத்தன்று, அவர் இருக்கும் பூஜப்புரைக்காரர்கள் விதையைக் கொண்டுவந்து, முதல் விதையை டீச்சர் கையால் போடச் சொல்வார்கள். அவர் தொட்டால் முளைக்கும் என்று நம்பிக்கை. மறுநாள் ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் காபி கொடுத்தார், பப்படம் பொரித்துக் கொடுத்தார், மாடிக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை. நானே ஏறினேன்.

“மாமீ, அங்கோட்டுப் போகண்டா” என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் என் செடி இருந்தது. கொத்துக் கொத்தாக மொட்டு. அன்றைய பூ விரிந்து நின்றது. அசல் வயலட். என் மாடியில்கூட அது அவ்வளவு செழிப்பாகப் பூத்ததில்லை.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். எங்களோடு பேசும்போது தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். “எல்லாரோட வீட்டிலயும் நீலமாக்கும் மாமி. எனக்கு மட்டும் இங்ஙனே. என்ட கைராசி போயி.”

சாயாப்பொடி என்கிற டீத்தூள் போட்டாராம். துருப்பிடித்த ஆணி புதைத்தாராம். படிகாரம் கரைத்து ஊற்றினாராம். ஒன்றுக்கும் மசியவில்லை என்றதும் பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாராம், பூ நீலமாக வேண்டும் என்று. மனிதர்கள் எதற்கெதற்கோ அங்கே தேங்காய் உடைக்கிறார்கள். என் மகனின் பொய் நிஜமாக வேண்டும் என்று உடைத்தவர் டீச்சர் ஒருவராகத்தான் இருப்பார். இந்த வருஷம் பத்தாமுதயத்துக்கு விதையோடு வந்தவர்களை முட்டுவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். கெட்டுப்போன கையால் அடுத்தவர் விதையைத் தொடக்கூடாதாம்.

“அப்போ அந்த போட்டோ, டீச்சர்?”

“எல்லாரும் கேட்டோண்டே இருந்தா. டீச்சர் வீட்டில பூத்ததா, டீச்சர் வீட்டில பூத்ததான்னு. நான்தன்னே போன்ல நீலமாக்கி அனுப்பினேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் மேல் இல்லை. ஒரு மார்க்குக்காக வீடு தேடி வந்த மனுஷியை இந்த வயதில் பொய் சொல்ல வைத்துவிட்டானே பாவி.

“டீச்சர், நான் சொல்றதைக் கேளுங்கோ. இது நீலமாப் பூக்காது. எங்காத்துலயும் இதே வயலட்தான். உங்க கைக்கு ஒரு கேடும் வரலை. படத்துல நிறத்தை மாத்தினது என் பிள்ளை.”

“கேசவோ?” என்றார். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். “நம்மட கேசவோ?”

“அவனேதான். நான் இதை விடப்போறதில்லை. அவார்டு கொடுக்கற மேடையிலயே சொல்லப்போறேன்.”

“மாமி, என்ட போட்டோ…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கோபத்தில் நானும் கேட்கவில்லை.

விழா தைக்காட்டில் ஒரு சின்ன ஹாலில். கேசவ்தான் காரில் கூட்டிப்போனான். மடியில் நாவப்பழம் தொட்டியை வைத்துக்கொண்டேன். அன்று காலை விரிந்த பூ அதில் இருந்தது.

“மேடைக்கு வந்து நீயே சொல்லிடு” என்றேன்.

“நீ சொல்லும்மா. ஒருத்தரும் நம்பமாட்டா, பாரேன்” என்றான். சிரித்த மாதிரிகூட இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் அந்த நீலப் பூ. பக்கத்தில் நான். பிஜு பொன்னாடை போர்த்தி, ஒரு ஷீல்டைக் கையில் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். ஷீல்டை மேஜையில் வைத்துவிட்டுத் தொட்டியைத் தூக்கிக் காட்டினேன். இதுதான் நீங்கள் ஓட்டுப் போட்ட செடி என்றேன். இதன் பெயர் நாவப்பழம், இதன் நிறம் இதுதான், படத்தில் நீலமாக்கியது என் மகன், உங்களிடம் பொய் சொல்லி விற்றிருக்கிறோம் என்று மலையாளத்தில் பட்டவர்த்தனமாகச் சொன்னேன்.

பிஜு சிரித்தார். “மாமிக்கு எப்போழும் விளையாட்டாக்கும்” என்று மைக்கில் சொன்னார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மைக்கைப் பிடுங்கினேன். “யார் வீட்டில் நீலம் பூத்தது? கை தூக்குங்கள் பார்க்கலாம்!”

ஒரு கையும் எழும்பவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே போயிருந்தால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஒரே பக்கம் திரும்பின. இரண்டாவது வரிசையில் ஓமனா டீச்சர் இருந்தார். முதல் படம் அவருடையதல்லவா?

டீச்சர் என்னைப் பார்த்தார். மடியில் இருந்த பையைப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

அதன் பிறகு கேட்பானேன். எங்கள் தெரு சுப்புலக்ஷ்மி தூக்கினாள். பாங்க் ஸ்வப்னா தூக்கினாள். இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, வாங்காதவர்கள்கூடத் தூக்கினார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஹாலில் நீலம் பூக்காத வீடு என் வீடு ஒன்றுதான்.

பிஜு என் காதருகே வந்தார். நல்ல மனுஷன், உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார். “மாமி வருத்தப்படாதீங்க. கரமனையில தண்ணி சரியில்ல, அதாக்கும் காரணம். கொஞ்சம் சாயாப்பொடி போட்டுப் பாருங்க. நீலம் வரும்.”

நான் உண்டாக்கிய செடிக்கு எனக்கே வைத்தியம்! ஹாலில் எல்லாரும் கைதட்டினார்கள். தன் வீட்டில் நன்றாகப் பூக்கவில்லை என்று மேடையேறி ஒப்புக்கொண்ட பெரிய மனசுக்காக. ஷீல்டை அங்கேயே விட்டுவிட்டுத் தொட்டியோடு இறங்கி வந்தேன். வழியில் டீச்சரின் நாற்காலி காலியாக இருந்தது.

கார் கிளம்பியதும் கேசவிடம் சொன்னேன். “வித்த வீட்டுக்கெல்லாம் நேர்ல போறே. ஒவ்வொருத்தர் கிட்டயும் மன்னிப்புக் கேக்கறே.”

“யார் கிட்டம்மா?” என்றான். “எல்லாரும் நீலம்னு கையைத் தூக்கியாச்சு. எனக்கு நீலந்தான் வந்ததுங்கறவா கிட்டப் போய் எதுக்கு மன்னிப்புக் கேக்கறது?”

அவன் சொன்னதில் தப்பு இல்லை. திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாப்பில் ஓமனா டீச்சர் தனியாக நிற்பது தெரிந்தது. குடையை விரிக்காமல் தூறலில் நனைந்துகொண்டு நின்றார்.

“நிறுத்துடா. இவா கிட்டப் போய்க் கேள். இவாளுக்குத் தெரியும், நான் சொல்லியிருக்கேன். போ.”

வண்டியை ஓரமாக நிறுத்தி, மனசில்லாமல்தான் இறங்கிப் போனான். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினான். முதலில் தோளைக் குலுக்கிக்கொண்டு பேசினான், பிறகு கையைக் கட்டிக்கொண்டு பேசினான். டீச்சர் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டார். பிறகு அவன் கன்னத்தைத் தொட்டு ஏதோ சொன்னார். டீச்சருடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

கேசவ் வந்து உட்கார்ந்தான்.

“என்னடா சொன்னா? மன்னிச்சாளா?”

“எல்லாத்தையும் சொன்னேம்மா. நான்தான் பண்ணினேன், உங்க கை மேல தப்பே இல்லைன்னு சொன்னேன். முழுக்கக் கேட்டா.” ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான். “கேட்டுட்டு, ‘மோனே, டீச்சர் வீட்டில நீலம்தன்னே பூத்தது’ன்னா.”

அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். கேசவ் வண்டியை எடுக்கவில்லை.