பாதியில் நின்ற கொலை

"சாவக் கெடக்குற மனுசனுக்குக் கொலைக்கதையாடி படிச்சுக் காட்டுற?" என்று கேட்டபடியே லூர்தம்மாள் மகளின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள்.

"அப்பாதாம்மா கேட்டாரு" என்றாள் ஹெலினா.

"வாயே தொறக்க முடியல. எப்படிக் கேட்டாரு?"

கட்டிலில் ஜோசப்ராஜ் கண் திறந்துதான் கிடந்தார். ஈரலில் வந்த புற்று பேச்சையும் பறித்துவிட்டிருந்தது. இனிச் செய்வதற்கு எதுவும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் காட்டுப்பாக்கம் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் சொன்னபடி கேட்டது. ஹெலினா ஒரு பக்கம் படித்து முடித்ததும் அந்த விரல் போர்வையின் மேல் மெதுவாக நகரும். அடுத்த பக்கம் என்று அர்த்தம். அது லூர்தம்மாளுக்குத் தெரியாது.

"ஃபாதர் வந்துக்கிட்டிருக்காரு. உங்க ஜெபா அத்தையும் ஆவடியிலேர்ந்து கெளம்பிட்டாங்க. இத அவங்க பாத்தா என்னைத்தான் பேசுவாங்க" என்றாள். புத்தகம் ஃபிரிட்ஜ் மேலே போனது.

ஜோசப்ராஜ் பூந்தமல்லி கோர்ட்டில் சிவில் வக்கீல். பெரும்பாலும் பாகப்பிரிவினை வழக்குகள். தாத்தா போட்ட கேசைப் பேரன் நடத்துவான். கேஸ் கூப்பிடும்வரை வக்கீல்கள் அறையில் உட்கார்ந்து, கேஸ் கட்டுக்கு நடுவில் துப்பறியும் நாவலை வைத்துப் படிப்பார். கரையான்சாவடி வக்கீல் உத்தமன்தான் கூட்டாளி. ஒருவர் படித்ததும் மற்றவருக்குப் போகும். கொலையாளி யார் என்று பாதிக் கதையிலேயே சொல்லிவிட வேண்டும். தோற்றவர் டீ வாங்க வேண்டும். "நம்ம கோர்ட்டுல எந்தக் கேசாவது முடியுதா? இதுல கடைசிப் பக்கத்துல தீர்ப்பு வந்துருதும்மா" என்று மகளிடம் சொல்வார்.

ஹெலினா சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். அவள் படிப்பதெல்லாம் போனில் வாரம் ஒரு அத்தியாயமாக வரும் காதல் கதைகள். ஒருமுறை ஒப்பந்தச் சட்டப் புத்தகத்துக்குள் போனை வைத்துப் படித்ததை அவர் கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தாள். "நல்லா ஒளிச்சிருக்க. வக்கீலுக்கு அதுவும் வேணும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நோய் வந்து கண் மங்கிய பிறகு அவள் படிக்க, அவர் கேட்டார். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். "நிறுத்து. அமாவாசைன்னு சொன்னான்ல? தோட்டக்காரன் மூஞ்சிய எப்படிப் பார்த்தான்? அந்தச் சாட்சி நிக்காது" என்று குறுக்கு விசாரணை செய்வார். சில நாட்கள் கதை மும்முரத்தில் வலி ஊசி எப்போது என்றுகூட அவர் கேட்கவில்லை. இந்தக் கதையில்தான் யார் கொலையாளி என்று சொல்வதற்குள் பேச்சு நின்றுவிட்டது.

ஃபாதர் வந்து நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். ஜெபா அத்தை பக்கத்து ஃபிளாட்காரர்களையும் கூட்டிக்கொண்டு ஜெபமாலை ஆரம்பித்தாள். அறை நிறைந்துவிட்டது. ஹெலினா கட்டிலின் கால்மாட்டில் முழங்காலிட்டிருந்தாள்.

போர்வை மேல் அந்த விரல் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"பாரு லூர்து, எங்கண்ணன் மணி உருட்டுது" என்று அத்தை அழுதாள். உடனே லூர்தம்மாள் தன் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி அவர் விரலில் சுற்றினாள். விரல் அதிலிருந்து விடுபடப் பார்த்தது. ஜோசப்ராஜின் கண்கள் அத்தனை தலைகளுக்கு நடுவே மகளைத் தேடிப் பிடித்தன.

எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து புத்தகத்தை எடுத்துவர அவ்வளவு நேரம் ஆகாது. ஹெலினா அம்மாவைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு, எல்லோரும் சொல்வதைத் தானும் சொன்னாள். நிமிர்ந்தபோது விரல் நின்றுபோயிருந்தது. ஜெபம் முடிந்தபின்தான் மற்றவர்கள் கவனித்தார்கள்.

மறுநாள் காலை கோர்ட்டிலிருந்து கறுப்புக் கோட்டுகள் கூட்டமாக வந்தன. மாலை போட்டுவிட்டு எல்லோரும் கீழே இறங்க, உத்தமன் மட்டும் மாடிப்படி ஓரத்தில் நின்றார். ஹெலினா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நான் குடுத்த பொஸ்தகத்த முடிச்சிட்டானா?"

"முடிச்சிட்டாரு மாமா."

"யாருன்னு சொன்னான்?"

அவளுக்குத் தெரியாது. கதையில் பிணத்தைச் சுற்றி நின்றவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும். "டாக்டர்னு சொன்னாரு" என்றாள்.

உத்தமன் அவளையே பார்த்தார். எத்தனையோ சாட்சிகளை அப்படிப் பார்த்தவர்.

"பாதியிலயே சொல்லிட்டானா?"

"பாதியிலயே."

டம்ளரை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "டாக்டர்தாம்மா. கரீட்டா சொல்லிகீறான்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வாசலில் ஐஸ் பெட்டிக்காரன் காத்திருந்தான். பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி, உதிர்ந்த ரோஜா இதழ்களைத் துணியால் தள்ளி, பெட்டியை லிஃப்டில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோனான். பெட்டி இருந்த இடத்தில் ஆள் நீளத்துக்கு ஈரம். ஹெலினா துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் லூர்தம்மாள் அதன் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். புடவை மெல்ல நனைந்து நிறம் மாறியது. அவள் எழவில்லை. ஹெலினா துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.