மேற்குச் சுவர்

ஜமால்தீன் முதலாளியின் குசினியில் ஏணி மேல் நின்று மேற்குச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜப்பான்காரனோடு நடந்த யுத்தம் முடிந்து பட்டாள முகாமைக் கலைத்தபோது ஏலத்தில் போன மின்சாரம் எடுக்கும் இஞ்சின் ஒன்றை முதலாளி எருக்கலம்பிட்டிக்குக் கொண்டுவந்திருந்தார். இளைய மகள் ஸுஹறாவின் கலியாணத்துக்கு முன் வீட்டில் லைற் எரியவேண்டும். அந்தப் பக்கத்தில் வயர் வேலை தெரிந்தவன் பேசாலைக்காரன் நான் ஒருவன்தான். அதே முகாமில் பழகியது. இன்றைக்கு எத்தனை விளக்கு என்று கேட்பவன் அரைகுறை, நாளைக்கு வீடு எந்தப் பக்கம் வளரும் என்று கேட்பவன்தான் வேலைக்காரன் என்று போகிற இடமெல்லாம் அளந்துகொண்டு திரிந்த காலம்.

அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் கலியாணம் முடித்து வெளியே போவதில்லை. தாய்வீட்டு வளவிலேயே ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு குசினி. கிழக்குப் பக்கம் ஸுஹறாவுக்கு. மேற்குப் பக்கம் மூத்தவள் சரீபாவுக்கு என்று அத்திவாரம் மட்டும் போட்டுக் கிடந்தது. கட்டி முடிக்க உழைத்து வருகிறேன் என்று அவள் புருசன் பினாங்குக்குப் போனான். ஜப்பான்காரன் அங்கே வந்ததோடு கடிதம் நின்றது. ஐந்து வருடமாக ஒரு தகவலும் இல்லை.

சரீபாவை நான் பார்த்ததில்லை. உள்கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். காலையில் அந்தக் குரல்தான் சொன்னது:

“எட்வேட் அண்ணன், மேக்குச் சுவரிலயும் வயர் விட்டு வையுங்கோ. அவர் வந்தா அந்தப் பக்கம்தான் குசினி கட்டுவார். அடுப்புக்கு நேர ஒரு லைற், அம்மிக்கு மேல ஒண்டு.”

அம்மிக்கு எதற்குத் தனியாக என்று கேட்டேன்.

“சம்பலுக்குள்ள கல்லுக் கடிச்சா அவருக்குக் கோவம் வரும்.”

கதவுக்குப் பின்னால் சிரிப்பது தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு முதலாளி வந்தார். நான் இறங்கி, வயர் போகும் வழியைக் கீறிய தாளைச் சுவரோடு பிடித்து, கிழக்கே ஒரு வயர் முனை, மேற்கே ஒரு வயர் முனை என்று விளக்கினேன்.

“மேக்க வேணாம்,” என்றார்.

“இப்பவெண்டா நாலு முழம் வயரோட முடியும் முதலாளி. பிறகெண்டா சுவர உடைக்கவேணும்.”

“உடைக்கத் தேவை வராது.”

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். என் கெட்டிக்காரத்தனம் விடவில்லை.

“மருமகன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்கள்?”

“அவன் வரமாட்டான்.”

சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம். என் நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது.

“வாப்பா, கடுதாசி வந்ததா?”

முதலாளி அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

“நோன்புக்கு முந்தி வந்தது மகள். யுத்தத்துக்குள்ளேயே காய்ச்சல்ல மவுத்தாம். தங்கச்சிட நிக்காஹ் முடியட்டும் எண்டுதான் வச்சிருந்தனான்.”

அழுகை வரும் என்று காத்து நின்றேன். வரவில்லை.

“நான் அவருக்கு இத்தா இருக்கேல்லையே வாப்பா.”

புருசன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வெளியே வராமல் இருக்கும் துக்கம் அது. முதலாளி கதவிடம் கெஞ்சுவதுபோல் பேசினார்.

“அவன் மவுத்தாகி மூண்டு வருசம் மகள். இத்தாக் காலம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. மார்க்கத்தில உன்னை ஒருத்தரும் கேக்கமாட்டினம்.”

“எனக்கு அவர் இண்டைக்குத்தான் மவுத்தானவர்.”

பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், “தங்கச்சிட கலியாணத்த நடத்துங்கோ. நான் அறைக்குள்ள இருக்கிறன்,” என்றாள்.

காலடிச் சத்தம் உள்ளே போனது. அவளுடைய அறையில் ஒரு யன்னல் பலகையைச் சாத்துவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் முதலாளி தலையை நிமிர்த்தி, இன்னும் எத்தனை இருக்கிறது என்று தெரியாதவர்போல, அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.