நிற்காமல் ஏறிய மொறிஸ் மைனர்

பிரகலாதனின் பழைய மொறிஸ் மைனர் கார் உவர்மலை ஏற்றத்தில் நின்றுவிடும். வாங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். புறப்படும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. எஞ்சின் சூடாகி வீடு திரும்பும்போதுதான், ஏற்றத்தின் நடுவில் இருமிவிட்டு ஓய்ந்துவிடும். அவர் இறங்கி, பொனற்றைத் திறந்து, பெற்றோல் பம்பை ஸ்பானரால் தட்டுவார். கொஞ்சம் பொறுத்தால் மறுபடி புறப்படும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்தக் கார்தான். பம்பை மாற்றிப் பார்த்தார். பிளக்குகளை மாற்றிப் பார்த்தார். பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவினார். எதற்கும் அது மசியவில்லை.

ஒரு ஞாயிறு காலை உப்புவெளிக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினார். ஏற்றத்தில் வழக்கமான இடம் வந்ததும் கை தானாக ஹான்ட்பிரேக்கைப் பிடித்தது. கார் நிற்கவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்துவிட்டது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மனைவி யசோதரா வெளியே வந்தாள்.

"ஏனப்பா இறங்காம இருக்கிறியள்?"

"நிக்கேல்லை."

"என்ன நிக்கேல்லை?"

"கார். ஏத்தத்தில நிக்கேல்லை."

"நல்லதுதானே. அதுக்கேன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்? மீனைத் தாங்கோ, பழுதாப் போகும்."

அவர் மீனைக் கொடுத்துவிட்டு மறுபடி கீழே ஓட்டிக்கொண்டு போனார். ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். அது நிற்கவேயில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவர் எஞ்சினைத் தொட்டதே இல்லை. எதையாவது செய்திருந்தால், அதனால் சரிவந்தது என்று நினைக்கலாம். ஒன்றுமே செய்யாமல் ஒன்று எப்படிச் சுகமாகும்?

கிண்ணியாப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெமீலுக்குப் போன் எடுத்தார். ஜெமீலிடமும் ஒரு பழைய கார் இருந்தது. இருவரின் சிநேகிதமும் அப்படி வந்ததுதான்.

"அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிட்டு ஓடு மச்சான்," என்றார் ஜெமீல். "ஒண்டையும் கழட்டிப் போடாத."

"ஆனா ஏன் சரிவந்ததெண்டு தெரியாதே."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்?"

பிரகலாதன் போனை வைத்துவிட்டு மறுபடி காரைப் பார்க்கப் போனார்.

யசோதராவுக்கு மட்டும் சந்தோஷம். சாம்பல்தீவில் இருக்கும் தங்கையைப் பார்க்க அவள் எப்போதும் பஸ்ஸில்தான் போவாள். நடுவழியில் நிற்கிற காரில் ஏற மாட்டாள். இப்போது தானாகவே முன்சீட்டில் ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். காற்று தலைமயிரைக் கலைத்தது. அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். வேலைசெய்யும் கந்தோர்க் கதை, தங்கையின் கதை, இன்னும் என்னவோ. பிரகலாதன் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் அவ்வளவு சீராக இருந்தது. அந்தச் சீரே அவரைப் பயமுறுத்தியது.

"உஷ், கொஞ்சம் பொறும்," என்றார் சாம்பல்தீவுப் பாலத்தில். "ஒரு சத்தம் கேட்டமாதிரி."

அவள் பேச்சை நிறுத்தினாள். சத்தம் ஒன்றும் இல்லை.

கார் நன்றாக ஓட ஓட அவருக்கு நித்திரை குறைந்தது. பழுதான கார் என்றால் எங்கே நிற்கும் என்று தெரியும். இது எங்கேயும் நிற்கலாம், நிற்காமலும் விடலாம். பௌர்ணமிப் போயா விடுமுறையன்று யசோதரா கோயிலுக்குப் போயிருந்தபோது பொனற்றைத் திறந்தார். பம்பைப் பிரித்தார். பிறகு காபுறேற்றரைப் பிரித்தார். எல்லாம் சுத்தமாக, இருக்க வேண்டிய மாதிரியே இருந்தன. எது முன்பு பிழையாக இருந்தது, எது இப்போது சரி என்று எதைப் பார்த்தும் தெரியவில்லை. கழற்றிய ஒழுங்கிலேயே பூட்டினார். ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெருமூச்சு விட்டுக்கொண்டு யசோதராவைக் கூட்டிவரப் போனார்.

அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஏற்றத்தின் நடுவில் கார் இருமியது. நின்றது.

யசோதரா மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"திறந்தனீங்களோ?"

"ஓம்."

"ஏன்?"

"ஏன் நல்லா ஓடுதெண்டு பாக்க."

அவள் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அவர் ஸ்பானரைத் தேடிச் சீட்டுக்கடியில் கையை விட்டார்.

"கொஞ்சம் இருங்கோ," என்றாள். "அண்டைக்குச் சாம்பல்தீவுப் பாலத்தில நான் உங்களுக்கு என்ன சொன்னனான்?"

அவர் யோசித்தார். காற்று ஞாபகம் வந்தது. எஞ்சின் சத்தம் ஞாபகம் வந்தது. அவளுடைய வாய் அசைந்ததும் ஞாபகம் வந்தது. சொன்னது மட்டும் வரவில்லை.

"எனக்குக் கிண்ணியாக் கந்தோருக்கு இடமாற்றம் வந்திருக்கு. வாற மாசம் போகோணும்."

"எப்ப வந்தது?"

"அதைத்தான் சொன்னனான். இந்தக் காரை எனக்குத் தாங்கோ எண்டும் கேட்டனான். லைசன்ஸ் எடுத்து எத்தினை வருஷமா அலுமாரிக்குள்ள கிடக்கு."

"இதையோ?" பிரகலாதன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். இவ்வளவு காலமும் அவள் இந்தக் காரை வெறுக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார். "உமக்கு இது விருப்பமோ?"

"நிக்கிற கார் விருப்பமில்லை. கார் விருப்பம்தான்."

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் பிடிபடவில்லை. அன்று ஏற்றத்தில் வெகுநேரம் இருந்தார்கள். அவள் மாற்றத்தைப் பற்றி முதலிலிருந்து மறுபடி சொன்னாள். கார் எப்போதோ ஆறிவிட்டிருந்தது. அவர் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறுகளில் அவள் ஓட்டப் பழகினாள். கியர் மாற்றும்போது பல்லைக் கடித்தது கார், அவரும் கடித்தார். பக்கத்துச் சீட்டில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருதரம் மடியில் வைத்தார், ஒருதரம் கதவைப் பிடித்தார். ஏற்றம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஓட்டியபோது கார் நிற்கவில்லை. அவர் தனியே கொண்டுபோன நாளில் நின்றது. மறுபடி அவள் ஓட்டினாள்; நேராக வாசலில் போய் நின்றாள்.

"நீர் என்ன செய்யிறனீர்?" என்று கேட்டார்.

"ஓட்டுறன்," என்றாள்.

புதிய கந்தோருக்கு முதல்நாள் காலை அவள் தனியாகப் புறப்பட்டாள். ஸ்பானரை முன்சீட்டில் வைத்து, எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். கார் திருப்பத்தில் மறைந்தது. கடையைத் திறக்கப் போவதா, பின்னாலேயே ஓட்டோ பிடித்துப் போவதா என்று கேற்றடியில் நின்றார். கடைசியில் ஜெமீலுக்குப் போன் எடுத்து, கிண்ணியாப் பாலத்தடியில் கார் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். பிறகு கேற்றைத் திறந்தார், பூட்டினார், மறுபடி திறந்தார்.

போன் அடித்தது.

"இப்பதான் போறாங்க. எனக்குக் கையும் காட்டினாங்க," என்றார் ஜெமீல்.

"நிண்டதோ?"

"இல்லையே மச்சான். ஏன் நிக்கணும்?"

பிரகலாதன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கேற்றைப் பூட்டிவிட்டுக் கடையைத் திறக்கப் போனார்.