மலை எந்தக் கைப் பக்கம்?

பர்மா கோதண்டராமன் வாயைத் திறந்தால் முப்பது பேரைக் காப்பாற்றாமல் மூட மாட்டார். திருவண்ணாமலையில் அவருடைய லாட்ஜில் தங்கிய யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் ரூம் காலி செய்ததில்லை. நாற்பத்திரண்டாம் வருஷம் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ரங்கூனே காலியானபோது, அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்த அவர் நாற்பத்தொரு பேரைக் கூட்டிக்கொண்டு காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார். வந்து சேர்ந்தது முப்பது பேர். வராத பதினொரு பேருக்கும் அவர் ஒரே காரணம் வைத்திருந்தார்.

"ஒரு காய்ச்சக்காரி. நடக்க மாட்டேன்னு உக்காந்துட்டா. அவளுக்காக மூணு நாள் நின்னோம். அரிசி தீந்துபோச்சு. அவ ஒருத்தியால போச்சு பதினோரு உசுரு."

அந்தக் காய்ச்சக்காரியின் பெயர் பாஞ்சாலை. அவள் மகள் உண்ணாமலைக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது நாற்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கீழ்பென்னாத்தூரில் சித்தி வீட்டில் வளர்ந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, தீபத்து மேடையிலும் பள்ளிக்கூட விழாவிலும் அந்த ஆள் மைக் வைத்துத் தன் அம்மாவைக் கொல்வதைக் கூட்டத்தோடு நின்று கேட்டிருக்கிறாள். அந்த மூன்று நாளும் யாரும் நிற்கவில்லை, நடந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் லாட்ஜ் முதலாளி. இவள் பெட்பேன் கழுவுகிறவள். கூட வந்தவர்கள் கடலூர், விழுப்புரம் என்று சிதறிப்போயிருந்தார்கள். அந்த ஆளின் வாயிலிருந்தே வர வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். கோபம் அவளுக்குள் ஆறாமல் கிடந்தது, ஆறவிடவும் இல்லை.

எண்பத்தொன்றில் பக்கத்து வீட்டு தருமன் வந்து கூப்பிட்டான். கரண்ட் ஆபீஸ் கிளார்க், மலை ஏறுகிற பைத்தியம். அகதிகள் நடந்த அந்தக் காட்டுப் பாதையில் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதை நடந்தே பார்ப்பது என்று நான்கைந்து பேராகக் கிளம்ப இருந்தார்கள்.

"அத்தே, நீங்களும் பர்மாவுலருந்து நடந்து வந்தவங்கதானே? ஞாயித்துக்கெழம லாட்ஜ் மாடியில பிளான் போடறோம். வந்து உக்காருங்க, எதுனா ஞாபகம் வந்தா சொல்லுங்க."

பர்மாவிலிருந்து வந்தவள் என்று தெருவுக்கே தெரியும். யாரோடு வந்தாள் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு காலை மாடி ஹாலில் பாயை விரித்து, ரிட்டயரான ஒரு பட்டாளத்துக்காரரிடம் வாங்கிய பழைய யுத்த கால மேப்பைப் பரப்பி, நாலு மூலையிலும் டீ டம்ளரை வைத்திருந்தார்கள். அட்டைக்கு உப்பும் புகையிலையும், மலேரியா மாத்திரை, கயிறு, ஆளுக்கு இருபது கிலோ மூட்டை, நாளைக்கு எட்டு மைல், மழைக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்று தருமன் எழுதிக்கொண்டே போனான்.

"எட்டு மைலா? பரசுராமன் பஸ் ஸ்டாண்டுக்கே ரிக்‌ஷா புடிக்கறவன்டா," என்றான் கூட்டாளி ஒருவன்.

"உன்னக் கடிச்சா அட்டைக்கு சக்கரை வியாதி வந்துடும், நீ பேசறியா?" என்றான் பரசுராமன்.

கோதண்டராமன் நாற்காலியில் சாய்ந்து வழி சொன்னார். வழியில் வழக்கமான இடம் வந்தது.

"இங்க ஒரு ஓடை. எரிஞ்சுபோன மிலிட்டரி லாரி ஒண்ணு கெடக்கும். எதுக்க பெரிய மலை. இங்கதான் அந்தக் காய்ச்சக்காரி..."

உண்ணாமலைக்குக் காது சுட்டது. ஆனாலும் குரல் அமைதியாகத்தான் வந்தது.

"அங்க வழி ரெண்டா பிரியுமேங்க. நீங்க போனப்போ மலை எந்தக் கைப் பக்கம்?"

"வலது கைப் பக்கந்தான். இன்னாம்மா கேள்வி இது? அண்ணாமலையார் ஊர்க்காரன் மலைய எடது கையில வச்சு நடப்பானா? மலையப் பாத்ததும் கன்னத்துல போட்டுக்கினு வலமாதான் கெளம்பினேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். தருமன் மட்டும் மேப்பில் விரல் வைத்தான். விரல் மலையைச் சுற்றிக்கொண்டே போய், கிளம்பின இடத்திலேயே நின்றது.

"சார், அப்பிடிப் போனா மலையச் சுத்திக்கினு அதே ஓடைக்கே வந்துடும். மலைய எடது கையில விட்டாதான் அகதி கேம்ப்புக்கு வழி."

"சுத்துனா எத்தினி நாள் ஆவும்டா?" என்றான் பரசுராமன்.

"மூட்டையோட, கொழந்தைங்களோட... மூணு நாள்."

உண்ணாமலை எழுந்து நின்றாள்.

"மூணு நாளும் எங்கம்மா காய்ச்சலோட நடந்தாங்க. நடக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லல. மூணாம் நாள் அதே எரிஞ்ச லாரி. 'மேஸ்திரி, வந்த எடத்துக்கே வந்துட்டோமே'ன்னாங்க. நீங்க வாய மூடுன்னீங்க. அங்கியே விழுந்தாங்க. கிரிவலம் போனது நீங்க, மேஸ்திரி. பழி எங்கம்மாவுக்கு."

அந்த ஊரில் அவரை மேஸ்திரி என்று யாரும் கூப்பிடுவதில்லை. கோதண்டராமன் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

"நீ... பாஞ்சாலை பொண்ணா?"

முப்பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இனித்தது. போதவில்லை.

"எனக்கு அப்போ இருவத்திநாலு வயசும்மா. வழி தெரியாது. மலைன்னா வலமாப் போவணும், அவ்ளோதான் தெரியும். வேணும்னு செய்யல. மன்னிச்சுடும்மா."

"வழி தப்பினது வேணும்னு இல்ல. அப்புறம் இத்தினி வருஷமா சொன்னது?"

அவர் மேப்பின் மூலையில் இருந்த டீ டம்ளரை நகர்த்தி வைத்தார்.

தருமன் தயங்கினான். "அத்தே, அடுத்த ஞாயிறு கோபுரத்துக்கு எதுர்ல வழியனுப்பு கூட்டம். சார்தான் பேசறதா நோட்டீஸ் அடிச்சாச்சு. வேற ஆளப் பாக்கட்டுமா?"

"வேணாம். அவரே பேசட்டும். இப்போ சொன்னத அங்க சொல்லட்டும். பேரோட."

"மானம் போயிடும்மா," என்றார் கோதண்டராமன்.

"எங்கம்மாவுக்குப் போனதுதானே. வரலன்னா அந்த மேப்ப எடுத்துக்கினு ஒவ்வொரு தெருவா நான் போவேன்."

அவர் வந்தார். உண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூட்டை முடிச்சோடு பையன்கள் ஓரமாக நின்றார்கள். பூக்கடைக்காரர்களிலிருந்து பஸ் கண்டக்டர்கள் வரை கூட்டம். கோதண்டராமன் வணக்கம் சொன்னார், இருமினார், தண்ணீர் கேட்டார்.

"அந்தப் பதினோரு பேரும் செத்ததுக்கு... பாஞ்சாலை காரணம் இல்ல. நான்தான்..." என்று ஆரம்பித்துக் குரல் உள்ளே போய்விட்டது.

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும் என்று கெஞ்சியது.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல," என்றாள் உண்ணாமலை. "சத்தமா சொல்லுங்க."